வைகை வளநாடு – 9: காட்டு மண்ணின் கண்ணுக்குப் புலனாகாத குடிகள்

சென்ற வாரம் வைகையின் நீரைப் பற்றிச் சிந்தித்தோம். வருஷநாட்டு மலைகளில் பிறந்து, 1959-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அணையில் தேங்கி, மதுரைச் சமவெளியின் வயல்களுக்கு வந்து சேரும் அந்நதியின் தாய்வீடாகிய காடுகள் விளைநிலங்களாக மாறியபோது, மண்ணுக்குள் வாழும் சூக்ஷ்ம ஜீவராசிகளுக்கு நேர்ந்தது யாது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

வருஷநாட்டுப் பள்ளத்தாக்கில் மரங்கள் அகற்றப்பட்ட சரிவுகளில் இன்று இலவமும் கொட்டைமுந்திரியும் அவரையும் பயிராகின்றன. மேலே மேகமலையிலோ, பசுமை மாறாச் சோலைகளுக்கு நடுவே தேயிலைத் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. காட்டைத் திருத்திய முதல் ஆண்டுகளில் விளைச்சல் அமோகமாக இருப்பதைக் கண்டவர்கள், அம்மண்ணில் அள்ள அள்ளக் குறையாத சாரம் புதைந்திருப்பதாக எண்ணுவது இயல்பே. ஆனால் உஷ்ணப் பிரதேசத்துக் காட்டின் செழுமை பூமிக்குள் சேமித்து வைக்கப்பட்டதன்று, ஓயாமல் சுழன்றுகொண்டிருப்பது.

அச்சுழற்சியை நடத்துபவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளுமே. ஒரு சிட்டிகை மண்ணிலேயே கோடிக்கணக்கில் வாழும் இவை உதிர்ந்த சருகைச் சிதைத்துத் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் விடுவிக்க, மரவேர்களோடு பின்னி வாழும் வேர்ப்பூஞ்சைகள், வேர் எட்டாத தூரம் வரை தம் மெல்லிய இழைகளை நீட்டி அச்சத்துக்களை உறிஞ்சி மரத்துக்கே திருப்பித் தந்து, அதற்கு ஈடாக மரம் சூரிய ஒளியால் சமைத்த சர்க்கரையைப் பெற்றுக்கொள்கின்றன. செம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையவையாதலால், இவ்விழைகளின் துணையின்றி அது வேருக்குக் கிட்டுவது அரிது.

மரங்களை வெட்டித் தீ மூட்டும்போது அவற்றிலிருந்த தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. சாம்பலில் எஞ்சிய பொட்டாஷும் சுண்ணாம்பும் மண்ணின் புளிப்பைத் தணித்துச் சில போகங்களுக்குப் பயிரைத் தழைக்கச் செய்கின்றன. இதைக் கண்டு மகிழ்வது, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொத்தை ஒரே கல்யாணத்தில் கரைத்துவிட்டுப் பந்தியின் சிறப்பைப் பேசுவது போன்றது. பின்னர் ஏர் பூஞ்சையிழைகளை அறுக்கிறது. நிழலிழந்த மண் வெயிலில் காய, மக்கு விரைவாகச் சிதைந்து கரியமிலவாயுவாகக் காற்றில் கலக்கிறது. நைட்ரேட்டாக மாறிய தழைச்சத்தை, ஆழ வேரோடாத பயிர்கள் பிடித்து நிறுத்த இயலாமையால், ஐப்பசி மழை அடித்துச் செல்கிறது. உஷ்ணப் பிரதேசங்களில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினால், காடு கழனியான இடங்களில் மண்ணின் கரிமச்சத்து சராசரியாகச் சுமார் கால்பங்கு குறைந்திருப்பது புலனாகிறது.

அமேசான் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடங்களைப் பற்றி 2013-இல் வெளியான ஆராய்ச்சி இன்னொரு நஷ்டத்தையும் உணர்த்திற்று. ஓரிடத்து மண்ணில் காணப்பட்ட பாக்டீரிய வகைகள் குறையவில்லை, அதிகமாகவே இருந்தன. ஆயினும் காட்டில் இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்த தனி இனங்கள் மறைந்து, எங்கும் ஒரே விதமான இனங்கள் பரவியிருந்தன. ஆகவே, எண்ணிக்கையை மட்டும் கொண்டு மண்ணின் ஆரோக்கியத்தை நிர்ணயிப்பதற்கில்லை.

இதற்காக, பிழைப்புக்கு வேறு வழியின்றிக் காடு திருத்திய எளிய குடியானவரைப் பழிப்பது தர்மமன்று. அவருக்கு வேண்டியது நிந்தையன்று, வழி. அந்த வழியை நம் சமவெளி விவசாயிகள் அநுபவத்தால் அறிந்திருந்தனர். நாற்று நடுவதற்கு முன் கொழுஞ்சியையும் புங்கந்தழையையும் நன்செய்ச் சேற்றில் மிதித்தார்கள். அறுவடையான பின் ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகளை அழைத்து ஆட்டுக்கிடை போட்டார்கள். வேர் முடிச்சுக்களில் வாழும் பாக்டீரியாக்களால் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கவர்ந்து தரும் கொழுஞ்சியும், இரவெல்லாம் வயலில் எருவிடும் ஆடும், காடு தானாகச் செய்துகொள்ளும் சுழற்சியை மனித யத்தனத்தால் நடத்தித் தந்தன.

மக்கிழந்த சரிவு மழைநீரை உறிஞ்சி வைக்கும் திறனையும் இழக்கிறது. அங்கிருந்து அரித்து வரும் மண் அணைக்குள் வண்டலாகப் படிகிறது. ஆதலால் வருஷநாட்டு மண் மதுரைவாசிகளாகிய நம் அனைவருடைய கவலையுமாகும். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது நற்செய்தியே. எஞ்சிய காட்டைத் தொடாதிருப்பதோடு, ஏற்கெனவே திருத்திய நிலத்திலிருந்து எடுத்ததை அதற்கே திருப்பித் தரும் கடமையையும் நாம் ஏற்றுக்கொண்டாலன்றி, வைகையின் வளம் நிலைக்காது.

கிடை போடும் கீதாரிகளின் வாழ்க்கையை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)