மழுங்கிய மரையாணி

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880ஆம் ஆண்டில் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பலர் அங்குக் குடியேறினர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கம் போனாலும் இரும்போடு பழகிய தொழில் ஊரைவிட்டுப் போகவில்லை. பெமல் தொழிற்சாலையில் மண்வாரி இயந்திரங்கள் உருவாகின்றன. மண்வாரியாயினும் மகிழுந்தாயினும், பழைய எண்ணெயை வடிப்பதற்கு இயந்திரத்தின் அடியில் ஒரு மரையாணி உண்டு. பணிமனைகளில் அதனை ‘டிரெயின் பிளக்’ என்பர்.

இவ்வாணியின் தலை அறுகோண வடிவினது. மூலைகள் தேய்ந்தால் ஸ்பானர் பற்றாது வழுக்கும். தேய்வதற்குப் பெரும்பாலும் மனிதரே காரணம். எண்ணெய் ஒழுகிவிடுமோ என்னும் அச்சத்தால் அளவுக்கு மீறி இறுக்குகின்றனர். பின்னர்ப் பொருந்தாத ஸ்பானரால் கழற்ற முயல்கின்றனர். ஆங்கிலேயர் காலத்து அங்குல அளவு ஸ்பானர் வீட்டில் இருக்குமானால் அதனை எடுத்தல் கூடாது. பதினாறில் பதினொரு பங்கு அங்குலம் என்பது 17.46 மில்லிமீட்டர். 17 மில்லிமீட்டர் தலையில் அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தளர்ந்து நிற்கும். மூலையை மழுக்க அவ்விடைவெளியே போதும்.

திசைக் குழப்பமும் உண்டு. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர், ஆணியின் தலையைக் கடிகார முகமாகக் கருதி, முள் சுழலும் திசைக்கு எதிராகத் திருக வேண்டும். மேலிருந்து பார்ப்பதாக எண்ணினால் திசை மாறிவிடும். கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்க நேரும்.

மழுங்கிய ஆணியைக் கழற்றுமுன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, உறுதியான தாங்கிகளின்மேல் அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுதல் உயிருக்கு ஆபத்து. எண்ணெய் இளஞ்சூட்டில் இருப்பது நன்று. கொதிநிலையில் இருந்தால் கையைச் சுட்டுவிடும்.

முதலில் தலையின் நடுவில் சுத்தியலால் மெல்லத் தட்டுவர். அவ்வதிர்ச்சியில் ஒட்டிக்கொண்ட வாஷர் சில வேளை விடுபடும். பிறகு அறுமூலை பாக்ஸ் ஸ்பானரைப் பயன்படுத்துவர். பன்னிரு மூலை வளையம் மூலைகளின் ஓரத்தை மட்டுமே பற்றும். அறுமூலையோ பக்கங்களின்மேல் அமரும். அதுவும் வழுக்கினால், சற்றே சிறிய பாக்ஸ் ஸ்பானரைத் தலைமேல் தட்டிப் பொருத்துவர். மழுங்கிய ஆணிகளுக்கென உள்ளே சுருள்பற்கள் அமைந்த பாக்ஸும் கிடைக்கிறது; திருகத் திருக அது தலையை இன்னும் இறுக்கிக் கவ்வும். உளியைத் தலையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, கழலும் திசையில் அடிப்பது கடைசி வழி. அடி தவறி எண்ணெய்த் தொட்டியில் பட்டால், குறிப்பாக அது அலுமினியத் தொட்டியாயின், விரிசல் விழும். எண்ணெய் உள்ள இடத்தில் தீச்சுடர் காட்டி ஆணியைச் சூடாக்கலாம் என்பாரின் பேச்சைக் கேட்கலாகாது.

கழற்றிய ஆணியை மீண்டும் பயன்படுத்தாமல் புதிய ஆணியும் புதிய வாஷரும் இட வேண்டும். சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றுதல் வேண்டும். விரலுக்கு இணங்காமல் முரண்டினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். அந்நிலையில் ஸ்பானரால் வலிந்து திருகினால் தொட்டியின் மரை அழிந்து, தொட்டியையே மாற்றும் செலவு வந்து சேரும். வண்டியின் கையேடு கூறும் அளவுக்கே இறுக்கி, புதிய எண்ணெய் ஊற்றி, இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தியபின், ஆணியைச் சுற்றி விரலால் தடவிப் பார்ப்பர்.