விண்கலத்தின் கணப்புக்கு ஏற்ற தனிமம் எது?

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய இந்தியாவின் விக்ரம் கலம், அங்கே இருள் சூழ்ந்த பிறகு கண் விழிக்கவே இல்லை. நிலவின் ஓர் இரவு நமக்கு இரண்டு வாரம். அந்தக் குளிரைத் தாங்க கலத்துக்குள் ஒரு கணப்பு வேண்டும். சந்திரயான்-3இன் உந்துகலத்தில் ஒரு வாட் திறனுள்ள இரண்டு அணுக் கணப்புகளைச் சோதனைக்காக வைத்திருந்தார்கள். தரையிறங்கிய விக்ரமில் அவை இல்லை.

கதிரியக்கத் தனிமம் சிதையும்போது வெப்பம் வெளிவரும். வேகமாகச் சிதைந்தால் வெப்பம் அதிகம், ஆயுள் குறைவு. 1970இல் சோவியத் ஒன்றியத்தின் லூனாகோட்-1 ஊர்தியைக் காத்த பொலோனியம்-210, கிராமுக்குச் சுமார் 140 வாட் தரும். ஆனால் 138 நாளில் பாதி தீர்ந்துவிடும். சனிக்கோளை அடையவே ஏழு ஆண்டு எடுத்த காசினி போன்ற கலத்துக்கு அது உதவாது.

ஸ்ட்ரான்சியம்-90 அணுஉலைக் கழிவில் ஏராளம். சோவியத்தின் ஆளில்லாக் கலங்கரை விளக்கங்கள் அதில்தான் எரிந்தன. அதற்குக் கனத்த கவசம் தேவை. ராக்கெட்டில் அவ்வளவு எடைக்கு இடமில்லை.

இந்த இரண்டின் குறைகளும் இல்லாதது புளூட்டோனியம்-238. அரை ஆயுள் 87.7 ஆண்டு, கிராமுக்கு அரை வாட்டுக்குச் சற்று அதிகம். வெளிவருவது பெரும்பாலும் ஆல்ஃபா துகள். மெல்லிய உலோக உறையே அதைத் தடுத்துவிடும். 1977இல் புறப்பட்ட வாயேஜர் கலங்கள் இத்தனை காலம் பேசியது இதன் வெப்பத்தில் பிறந்த மின்சாரத்தால்தான்.

ஆபத்து, அதன் தூள் நுரையீரலுக்குள் போனால். 1964இல் ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டாமல் விழுந்தபோது எரிபொருள் வளிமண்டலத்தில் எரிந்து பரவியது. அன்றைய வடிவமைப்பின் நோக்கமே அதுதான். பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டு, எது நேர்ந்தாலும் சிதறாத உறைக்குள் எரிபொருளை வைத்தார்கள். 1968இல் இன்னொரு ராக்கெட் கலிபோர்னியா கடலில் விழுந்தது. அதிலிருந்த புளூட்டோனிய மின்னாக்கிகளைச் சேதமின்றி மீட்டு, எரிபொருளை மீண்டும் பயன்படுத்தினார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் திருத்தம் இந்த உறை மாற்றம்.

கடைசியில் கையிருப்பும் தேர்வை முடிவுசெய்கிறது. புளூட்டோனியம்-238ஐ நெப்டூனியத்திலிருந்து அணுஉலையில்தான் ஆக்க வேண்டும். அமெரிக்கா 1988இல் உற்பத்தியை நிறுத்தி, பின்னர் ரஷ்யாவிடம் வாங்கியது. 2015இல் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் மறுபடி தொடங்கியபோது கிடைத்தது 50 கிராம். ஐரோப்பா அதனால் அமெரிசியம்-241 பக்கம் திரும்பியிருக்கிறது. அதன் வெப்பம் ஐந்தில் ஒரு பங்குதான். அரை ஆயுளோ 432 ஆண்டு. பிரிட்டனில் சேமித்து வைத்த பழைய புளூட்டோனியத்தில் அது தானாகவே ஊறிக்கொண்டிருக்கிறது, பிரித்தெடுத்தால் போதும்.