மைசூர் மகாராஜாவும் மெட்னரின் சொனாட்டாக்களும்

பேராதனையில் இருந்துகொண்டு நல்ல பியானோ கச்சேரி கேட்கவேண்டுமானால் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போகவேண்டும். போனாலும் மேடைகள் பீத்தோவனையும் சோப்பானையும் விட்டு எளிதில் நகர்வதில்லை. ரஷ்யச் சொனாட்டாக்கள் அங்கே அரிது. சொனாட்டா என்பது வாத்தியத்துக்கென்றே எழுதப்படும் நீண்ட படைப்பு. ஓரிரு மெட்டுக்கள் அதில் உருமாறி, ஒன்றோடொன்று மோதி, மீண்டும் வரும். ரஷ்யாவில் மியாஸ்கொவ்ஸ்கி 9, ஃபைன்பேர்க் 12, நிக்கொலாய் மெட்னர் 14 என எழுதிக் குவித்திருக்கிறார்கள். இவற்றைத் தேடுகிறவருக்கு முதல் வாசல் ஒலிப்பதிவுதான், கச்சேரி அதற்குப் பின்புதான் என்பேன்.

இதற்கு மெட்னரே சாட்சி. 1880இல் மொஸ்கோவில் பிறந்து, 1921இல் நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் லண்டனில் குடியேறியவர். காலத்தின் புதுப்பாணியை ஏற்க மறுத்ததால் மேடைகளும் அவரை அதிகம் அழைக்கவில்லை. போர்க்காலத்தில் வருமானமும் வற்றி, உடலும் தளர்ந்திருந்த அவருக்குக் கை கொடுத்தவர் மைசூர் மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையார். கர்நாடகக் கிருதிகள் இயற்றிய அதே மனிதர்தான் 1940களின் பிற்பாதியில் மெட்னர் சங்கத்துக்குப் பணம் தந்து, மெட்னரையே வாசிக்கவைத்து எச்.எம்.வி. இசைத்தட்டுகள் வெளிவரச் செய்தார். நன்றியாகத் தம் மூன்றாவது பியானோ கொன்செர்ட்டோவை மெட்னர் அவருக்குக் காணிக்கையாக்கினார். 1951இல் மெட்னர் மறைந்தபோது அவருடைய விரல்களின் ஓசை தட்டுகளில் பத்திரமாக இருந்தது.

தரமான இசையென்றால் தானாகவே புகழ் பெற்றிருக்குமே என்று சிலர் கேட்பார்கள். புலம்பெயர்ந்து, பதிப்பாளரையும் ரசிகரையும் இழந்தவரின் கதை அப்படி நடப்பதில்லை. தட்டில் உயிரில்லை, அரங்கில்தான் இசை வாழ்கிறது என்ற வாதத்தில் உண்மை உண்டு. அரங்கில் பியானோ எழுப்பும் அதிர்வை ஒலிபெருக்கி தராது. ஆனால் மெட்னரின் 'இரவுக் காற்று' சொனாட்டா அரைமணிக்கும் மேலாக இடைவெளியின்றி ஓடுவது. ஒரே தடவையில் அதன் போக்குப் பிடிபடாது. ஓர் அரிய ராகத்தின் ஆலாபனையைப் போலத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் வழி தெரியும். அதற்குப் பிறகு அரங்கில் கேட்கும்போதுதான் வாசிப்பவர் எங்கே துணிந்தார், எங்கே தயங்கினார் என்பது புலப்படும்.

தொடங்க விரும்புவோர் பியானோ கலைஞர் எமில் கிலெல்ஸ் 1968இல் பதிவுசெய்த, மெட்னரின் 'நினைவுகூரல்' சொனாட்டாவை எடுங்கள். கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தொடக்கத்தில் மெல்லச் சுழலும் அந்தச் சிறு மெட்டு நடுவிலும் இறுதியிலும் திரும்பி வருவதைக் கவனியுங்கள். பிடித்திருந்தால், 14 சொனாட்டாக்களையும் மார்க்-அந்த்ரே ஹாமெலின் பதிவுசெய்திருக்கிறார். அடுத்து அங்கே போகலாம்.