நான்காம் ஆண்டை நிறுத்திவிடாதீர்கள்!
கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற விரும்பும் பெண்களுக்கும் பெற்றோருக்கும்

கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் படிக்கப் போவதென்றால் ஒரு காலத்தில் படகுப்பாதைக்காகத் துறையில் காத்து நிற்க வேண்டும். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் அந்தச் சிரமம் நீங்கியது. இன்று பாலத்தைக் கடந்து, நகரைத் தாண்டி, நிலாவெளி வீதியில் கோணேசபுரிக்குப் போனால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடமும், அதில் கணினி விஞ்ஞானத் துறையும் உண்டு. துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பெண்பிள்ளைகள் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்திலேயே கணினிக் கல்வி கிடைக்கிறது என்பது பெரிய விஷயம்தான்.

ஆனால், பட்டம் பெற்ற பின் என்ன? "கலாநிதி" என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் தகுதியை நம் பிள்ளையும் பெறலாமா? அதற்கு என்ன வேண்டும்? இந்தக் கேள்விகளைப் பெரும்பாலான வீடுகளில் பட்டமளிப்பு விழா முடிந்த பிறகுதான் கேட்கிறார்கள். அதற்குள் முக்கியமான ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டுவிடுகிறது. மூன்று ஆண்டோடு படிப்பை நிறுத்துவதா, நான்காம் ஆண்டும் படிப்பதா என்ற தீர்மானமே அது.

மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம்

2012ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இலங்கைத் தகைமைச் சட்டகம் என்ற ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. எல்லாக் கல்வித் தகைமைகளையும் இது 12 படிகளாக வகுக்கிறது. மூன்றாண்டு இளமாணிப் பட்டம் 5ஆம் படி; அதற்கு 90 கிரெடிட்டுகள். நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் படி. அதற்கு 120 கிரெடிட்டுகள். கலாநிதிப் பட்டம் உச்சியிலுள்ள 12ஆம் படி.

ஒரு படிதானே வித்தியாசம் என்று எண்ணிவிடக் கூடாது. சிறப்புப் பட்டத்தின் இறுதி ஆண்டில் மாணவி ஒரு ஆய்வைத் தானே செய்து, அறிக்கை எழுதி, ஆசிரியர்கள் முன் விளக்குகிறாள். கலாநிதிப் படிப்புக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுச் சித்தியுடன் கூடிய சிறப்புப் பட்டம் பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது.

"மூன்று வருடம் போதும், இனி வரன் பார்ப்போம்" என்று வாப்பாவும் உம்மாவும் சொல்லும்போது, அவர்கள் மிச்சப்படுத்துவது ஒரு வருடம்தான். பிறகு அந்த ஒரு வருடத்தை ஈடுசெய்யப் பிள்ளைக்கு இரண்டு, மூன்று வருடங்கள் தேவைப்படலாம்.

முதுமாணியிலும் இரண்டு வகை

மூன்றாண்டோடு நிறுத்தியவர்களுக்குக் கதவு மூடப்படுவதில்லை. முதுமாணி வழியாகப் போகலாம். ஆனால் இங்கும் கவனம் வேண்டும். வகுப்புகளுக்குச் சென்று பரீட்சை எழுதிப் பெறும் 30 கிரெடிட் முதுமாணி 9ஆம் படி. ஆய்வும் சேர்ந்த 60 கிரெடிட் முதுமாணி 10ஆம் படி. வேலையில் பதவி உயர்வுக்கு முதலாவது உதவலாம். கலாநிதி ஆய்வுக்கு இரண்டாவதே ஏற்றது. பணம் கட்டுமுன் "இது எந்தப் படி, இதில் ஆய்வு உண்டா?" என்று கேளுங்கள்.

11ஆம் படியான முதுதத்துவமாணி முழுக்க ஆய்வுப் பட்டம். குறைந்தது இரண்டு ஆண்டுகள். முதலில் இதற்குப் பதிவு செய்து, ஆய்வு நன்றாக முன்னேறினால் கலாநிதிப் பதிவாக உயர்த்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

சேர்வதும் முடிப்பதும்

2002ஆம் ஆண்டு அமைந்த கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞான, பொறியியல் துறை ஆகியவை ஆய்வுப் பட்டங்களுக்குப் பெயர்பெற்றவை. விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்கள் மட்டும் போதாது. எதை ஆராயப் போகிறோம், ஏன், எப்படி என்று விளக்கும் ஆய்வுத் திட்டம் வேண்டும். அதை ஏற்று வழிகாட்டும் மேற்பார்வையாளரும் வேண்டும்.

தலைப்புக்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. சிங்களத்தைத் தமிழுக்கு மொழிபெயர்க்கக் கணினியைப் பழக்குவது நம் நாட்டில் நடந்துவரும் ஆய்வுகளில் ஒன்று. இரு மொழியும் புழங்கும் ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு இதில் இயல்பாகவே ஒரு பலம் இருக்கிறது.

முழுநேரமாகப் படித்தால் குறைந்தது மூன்று ஆண்டுகள். பகுதிநேரமென்றால் அதற்கு மேல். இடையிடையே முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். கடைசியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, பரீட்சகர்கள் முன் வாய்மொழிப் பரீட்சையில் பதில் சொல்ல வேண்டும். அதுவரை யாரும் அறியாத ஒன்றைக் கண்டு நிறுவியிருக்க வேண்டும் என்பதே இப்பட்டத்தின் சாரம்.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே நான்காண்டுப் பட்டத்துடன் நேராகவே கலாநிதிப் படிப்பில் சேரலாம். முதலில் வகுப்புகளும் தகுதிப் பரீட்சையும், பின்னர் ஆய்வும். ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். கற்பித்தலிலோ ஆய்விலோ உதவுவதற்காகக் கட்டணத்தை நீக்கி, உதவித்தொகையும் தரும் பல்கலைக்கழகங்கள் அங்கே பல உண்டு.

கல்யாணமும் குழந்தையும்

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிகள் இந்த விஷயத்தில் கவனிக்கத்தக்கவை. அங்கே கலாநிதிப் படிப்புக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சலுகை உண்டு. படிப்புக் காலத்தில் பிரசவத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்குமாக 240 நாட்கள் வரை விடுப்பும் வழங்கலாம். மணமான பெண்ணும் ஆய்வு செய்வாள் என்பதை விதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் பிள்ளைகள் எந்தப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தாலும் பகுதிநேரப் பதிவு, விடுப்பு, கால நீடிப்பு ஆகியவை பற்றி முதலிலேயே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மாப்பிள்ளை வீட்டாரிடமும் இதைப் பேச்சுக்காலிலேயே பேசிவிடலாம்.

வயதை எண்ணித் தயங்கவும் வேண்டாம். அமெரிக்காவில் கணினி விஞ்ஞானத்தில் முதன்முதலாகக் கலாநிதிப் பட்டம் பெற்ற பெண் மேரி கென்னத் கெல்லர். 1965இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவர் அதைப் பெற்றபோது வயது 51.

எச்சரிக்கையாக ஒரு வார்த்தை: ஆய்வும் இல்லாமல், மேற்பார்வையாளரும் இல்லாமல், பணம் கட்டிச் சில மாதங்களில் கிடைக்கும் "கலாநிதி"ப் பட்டங்களை நம்பி ஏமாறாதீர்கள். நிறுவனத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

உயர்தரம் எழுதும் பிள்ளை இருக்கும் வீடுகளில் இன்றே ஒரு காரியம் செய்யலாம். ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலை எடுத்து, பிள்ளை விரும்பும் பட்டத்துக்கு எந்தப் பாடங்கள் வேண்டும், அது மூன்றாண்டா நான்காண்டா என்று சேர்ந்து பாருங்கள். ஏற்கனவே வளாகத்தில் படிக்கும் பிள்ளையென்றால், சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக எந்த ஆண்டில் எவ்வளவு புள்ளி வேண்டும் என்பதைத் துறையில் கேட்டுவரச் சொல்லுங்கள்.