பூங்காவும் திணைப்பாடமும்

பள்ளிகள் ஆண்டுக்கொருமுறை மாணவர்களைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்லும் வழக்கம் புதியதன்று. ஊஞ்சல், சறுக்குமரம், கட்டுச்சோறு, திரும்பும் வழியில் பேருந்துப் பாட்டு என அந்நாள் இனிதே கழியும். அதனைக் குறைகூறுவார் யாருமிலர். எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் 1991ஆம் ஆண்டு சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குமாறு பணித்தது. அதன்பின் அவ்வுலாவிற்குக் 'களப்பயணம்' என்னும் பெயரும் சேர்ந்தது. பெயருக்கேற்பப் பயணமும் மாறியதா என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா.

அதனை ஆராயச் சென்னையில் ஏற்றதோர் இடம் உண்டு. அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய உப்பங்கழியில், கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டுச் சீரழிந்து கிடந்த 58 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டு, 2011 சனவரியில் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பள்ளி மாணவரின் சூழற்கல்வி அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. அதற்குத் தொல்காப்பியப் பூங்கா எனப் பெயரிட்டனர். பூங்காவிற்கு இலக்கண நூலின் பெயரா என நகைப்பாரும் உளர். நமக்கோ அப்பெயர் மிகப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். அந்நிலத்து மரம், புள், விலங்கு, உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். மாந்தர் ஒழுக்கமாகிய உரிப்பொருள் இவ்விரண்டையும் சார்ந்து நிற்பது. நம் வகுப்பறைகளிலோ நெய்தல் என்றவுடன் 'இரங்கல்' என மாணவர் ஒப்பிக்கின்றனர். கண்டல் எது, தாழை எது எனக் கேட்டால் விழிக்கின்றனர். கடற்கரைக்கு நடந்தே செல்லும் தொலைவில் வாழும் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். உரைகள் பலவும் 'ஒருவகை மரம்' என எழுதி ஒதுங்கிவிடுகின்றன.

கண்டல் என்பது அலையாத்தி, சுரபுன்னை என இன்று பல பெயர்களால் வழங்கும் கழிநில மரங்களைக் குறிக்கும் சொல். கழிச்சேற்றில் காற்றுப் புகுதல் அரிது. அங்ஙனமாயின் வேர் எவ்வாறு மூச்சுவிடும்? வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றினின்று விரல் போல் மேல்நோக்கி நிற்பன செடிகளல்ல, வேர்களே. நீர் வடிந்த வேளையில் அவற்றின் நுண்துளைகள் வழியே காற்று உட்செல்கிறது. உவர்நீரை உறிஞ்சி வாழும் அம்மரம் மிகுதியான உப்பை இலைவழியே வெளியேற்றுகிறது. இலைமேல் பொடியாய் மின்னும் உப்பைக் கண்ட சிறுவனுக்குக் கண்டல் வெறுஞ்சொல் அன்று. அவ்வேர்களினிடையே இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அவற்றை நாடிக் கொக்கும் நாரையும் வருகின்றன. அம்மீனை நம்பிப் பரதவர் வாழ்வு நடக்கிறது. கருப்பொருள் என்பது பட்டியலன்று, ஒன்றையொன்று தாங்கும் தொடர் என விளக்க இதனினும் நல்ல கரும்பலகை ஏது? கழிநிலம் வெள்ளத்தையும் ஓரளவு ஏந்திக்கொள்ளும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதைக் கண்ட நகரத்தார்க்கு அதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முல்லைக்கும் அதே நகரில் இடமுண்டு. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டில், சங்கப் புலவர் முல்லைப் பாட்டில் வைத்த இரலைமான் இன்றும் வாழ்கிறது.

இத்தகைய பயணத்தை அறிவியல் ஆசிரியரிடம் மட்டுமே ஒப்படைத்துவிட்டுத் தமிழாசிரியர் விலகி நிற்பது முறையன்று என்பது நம் கருத்து. மரத்தின் வேரை அவர் காட்டட்டும். அதன் பெயரின் வேரை நாம் காட்டுவோம். நூறு மாணவரை ஒரே வரிசையில் நடத்திச் செல்வதால் பயனில்லை. பதின்மர் ஒரு மரத்தடியில் அரைமணி நேரம் நின்று, கண்டதைத் தம் சொல்லில் எழுதினால் போதும். புறப்படும் நேரத்தையும் ஓதம் பார்த்தே வகுத்தல் வேண்டும். ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம் உண்டு. பள்ளி மணியை மட்டும் பார்த்துக் கிளம்பினால், நீர் ஏறியிருக்கும் வேளையில் போய் நின்று, வேரைக் காணாமலே திரும்ப நேரும்.