முதலில் போட்டோ, பிறகு ஸ்பேனர்!

கருமத்தம்பட்டியில் சோமனூர் திரும்பும் இடத்தில் மாமா காரைப் பின்னால் வந்த வேன் இடித்தது. அவசரப்பட்டுப் பட்டறையில் புது பம்பர் மாட்டிட்டோம். கம்பெனி சர்வேயர் வந்து, "உடைஞ்ச பம்பர் எங்கீங்க?" என்றார். அது காயலாங்கடைக்குப் போயிருந்தது. கிளெய்மும் கூடவே போயிருச்சு!

பட்டுப் படித்தது இது: போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகே பிரிக்கணும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் அதில் நம் வண்டிச் சேதத்துக்குக் காசு வராது. முழு பாலிசியிலும் ஜீரோ டிப்ரிசியேஷன் சேர்க்காவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதம் கழியும், கண்ணாடிக்குக் கழிவில்லை. அநியாயமாக வெட்டினால் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம்.

அளவெடுக்காமல் ஜாபை லேத்தில் மாட்டுவோமா? இதுவும் அப்படித்தானுங்க!