கூட்டினால் ஒன்பது

ஹெரால்டு மறுபிறவி – 14

என்ஜின் கிளம்பியது, ஐடிலிங்கில் குலுக்கியெடுத்தது. அங்கேதான் விட்டோம். இந்த வாரம் கார்புரேட்டர் என்று சொல்லியிருந்தேன். டேப்பெட் குறுக்கே வந்துவிட்டது.

காலையில் ஒழுங்காக ஓடும் வண்டி, சூடேறச் சூடேற மிஸ்ஸிங் அடித்தது. ஓட்டத்திலேயே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, நான்கை எடுத்தால் திணறியது. மூன்றை எடுத்தால் சத்தத்தில் மாற்றமே இல்லை. அந்த சிலிண்டரில் கம்ப்ரஷனும் குறைவு. பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தோம், ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து ஏற்றியிருக்கும். ஆக, வால்வு.

"ஹெட்டை ரெண்டாவது தடவை டைட் வச்சப்ப டேப்பெட் பாத்தீங்களா தம்பி?" என்றார் மெக்கானிக்.

"இல்லண்ணே."

புது கேஸ்கட் ஓட்டத்தில் அமுங்கும். நட்டுகளை மறுபடி இறுக்கினால் ஹெட் மயிரிழை இறங்கும். புஷ்ராடின் நீளமோ அதேதான். டேப்பெட் இடைவெளி சுருங்கிவிடும். இந்த 948 சிசி என்ஜினுக்கு அது 10 தௌ, அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் பத்து.

எந்த வால்வை எப்போது அளப்பது? அண்ணன் சொன்ன கணக்கு என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. முன்னாலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் போடுங்கள். எட்டு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றை அளக்க வேண்டும். ஏழு திறந்தால் இரண்டு, ஆறு திறந்தால் மூன்று. எப்போதும் கூட்டினால் ஒன்பது! காகிதத்தில் கேம் ஷாஃப்ட் வரைந்து பார்த்தபிறகுதான் விளங்கியது. சுடும் வரிசை 1-3-4-2. முதல் சிலிண்டரும் நான்காவதும் கேமின் சரிபாதிச் சுற்று விலகி நிற்கின்றன. இரண்டும் மூன்றும் அப்படியே. வெளியேற்றும் வால்வுகள் 1, 4, 5, 8; உள்ளிழுப்பவை 2, 3, 6, 7. இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் ஒரே அடுக்கு. அதனால் ஒன்றின் கேம் உச்சியில் நிற்கும்போது அதன் ஜோடியின் கேம் நேர் எதிரே திரும்பியிருக்கும். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினுக்கும் இதே கணக்குதான்.

ஹெரால்டில் இந்த வேலை சுகமானது. இத்தாலியர் ஜியோவானி மிகெலோட்டி வடிவமைத்த வண்டி, இங்கிலாந்தில் 1959-இல் வந்தது. இரண்டே ஆண்டில் நம் சென்னையிலும் தயாரானது. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினைத் தொடலாம். நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். அண்ணன் நான்காவது கியரில் வண்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்.

நான்கு திறந்தது. ஐந்தில் பீலர் கேஜை வைத்தேன். 4 தௌ தகடுகூட நுழையவில்லை. மூன்றாம் சிலிண்டரின் வெளியேற்றும் வால்வு அது. சூட்டில் இன்னும் நீண்டு, மூடாமலே நின்றிருக்கிறது.

எட்டையும் 10 தௌவுக்கு வைத்தோம். மிஸ்ஸிங் போய்விட்டது. ஐடிலிங்கில் மட்டும் மெல்லிய நடுக்கம். கூர்ந்து கேட்டால் இன்லெட் மேனிஃபோல்டு பக்கம் ஒரு சீறல். கார்புரேட்டரைத் தொடுமுன் அந்தக் காற்றுக் கசிவைப் பிடிக்க வேண்டும்.

(அடுத்த வாரம்)